வசந்தியின் கம்ப்யூட்டருக்கு நான் சிஸ்டம் மாற்றிய கதை

காசு கொடுத்து வாங்கும் பொருளைத் தேர்ந்தெடுப்பது சுலபம். பையில் இருக்கும் பணமே பாதிக் கடையை மூடிவிடும். மிச்சம் இருக்கும் இரண்டு மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். இலவசமாகக் கிடைப்பதில் அந்த வசதி கிடையாது. எல்லாமே நமக்குத்தான். எது வேண்டும் என்று நாமே முடிவு செய்ய வேண்டும். அதற்கு நமக்கு என்ன தேவை என்று தெரிந்திருக்க வேண்டும். (இந்தக் கடைசி வாக்கியத்தைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு ஞாயிறும் ஒரு திங்களும் ஆயின. இடுப்பு இன்னும் சரியாகவில்லை.)

வெட்கக்கேடு என்னவென்றால், தேர்ந்தெடுப்பதுதான் என் பிழைப்பே. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் செலக்‌ஷன் டேபிளில் நிற்கிறவன் நான். பதனிட்ட தோலை மேஜைமேல் விரித்து, விரலால் தடவிப் பார்த்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று பிரித்து, உள்பக்கத்தில் சாக்பீஸால் நம்பர் போட வேண்டும். பதினெட்டு வயதில் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் இழுக்க ஆரம்பித்து, அப்புறம் பத்து வருஷம் பஃபிங் மெஷினில் தோலைத் தேய்த்து, கடைசியில்தான் இந்த மேஜைக்கு வந்து சேர்ந்தேன். வேலைக்குப் புதிதாக யார் வந்தாலும் முதல் நாளே ஒன்று சொல்லிவிடுவேன். "எந்த ஆர்ட்டிகிளுக்குன்னு கேக்காம தோலைத் தொடாதே." ஆர்ட்டிகிள் என்றால் அந்தத் தோல் கடைசியில் என்ன ஆகப்போகிறது என்பது. ஷூவா, கையுறையா, சோபாவா. ஷூவுக்கு முதல் தரமாக இருப்பது கையுறைக்கு உதவாது. இதை நான் சொல்லாத நாள் இல்லை. கேட்டுக் கேட்டு மேஜைக்கே அலுத்திருக்கும்.

என் மனைவி வசந்தி, சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு முன்னறைக்கு ஷட்டர் போட்டு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறாள். விண்ணப்பம் நிரப்புவது, ஸ்கேன் எடுப்பது, பிரின்ட் போடுவது, விரல் ரேகை வைப்பது எல்லாம் அங்கே நடக்கும். எந்த விண்ணப்பத்துக்கு எந்தச் சான்றிதழ் என்பது அவளுக்கு அத்துப்படி. அந்தச் சமயம் கணியம்பாடிப் பக்கத்துப் பெண்கள் இருபத்தேழு பேர், வயல் வேலைக்கும் ஷூ கம்பெனிக்கும் போகிறவர்கள், தையல் மெஷின் தரும் ஒரு திட்டத்துக்கு எழுதிப்போட அவளிடம் வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி அம்சாக்கா. ஒரு வாரம் முன்பே எல்லாருடைய காகிதங்களையும் வாங்கி ஸ்கேன் எடுத்து, கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு போல்டராகப் போட்டுவைத்துவிட்டு, காகிதங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள் வசந்தி. இனி அனுப்ப வேண்டியதுதான். ஆனால் அனுப்பும்போது அவரவர் நேரில் வந்து கட்டைவிரல் வைக்க வேண்டும். இருபத்தேழு பேருக்கும் சேர்ந்தாற்போல் கிடைத்த ஒரே அரைநாள், திங்கட்கிழமை மதியம். விண்ணப்பத்துக்குக் கடைசி நேரமும் அதே திங்கள், சாயங்காலம் ஐந்து மணி.

கம்ப்யூட்டரோ பழசு. ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் குளித்துவிட்டு வந்தால்தான் திரை வரும். போதாததற்கு, உள்ளே இருக்கும் சிஸ்டத்துக்கு வயதாகிவிட்டது, இனிமேல் எங்கள் பொறுப்பில்லை என்று தினமும் ஒரு அறிவிப்பு வேறு. எனக்குக் கை பரபரத்தது.

"ஏங்க, திங்கக்கெழம முடியட்டும். அதுவரைக்கும் அதத் தொடாதீங்க" என்றாள் வசந்தி.

தெளிவாகத்தான் சொன்னாள். எனக்கும் தெளிவாகத்தான் கேட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போளூரில் தங்கை மகனுக்குக் காதுகுத்து என்று விடியலில் கிளம்பிப் போனாள். சாயங்காலம் திரும்பி வரும்போது கம்ப்யூட்டர் புத்தம்புதுசாக ஓட வேண்டும், அவள் அசந்துபோக வேண்டும் என்று நான் திட்டம் போட்டிருந்தேன். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவளை அசத்த நான் போட்ட திட்டங்களைச் சொன்னால் நீங்களே அசந்துபோவீர்கள்.

இதற்கு முந்தின நாளே எங்கள் கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் இர்ஃபான் பாயிடம் போனேன். அவர்தான் இலவச சிஸ்டம் எல்லாம் கரைத்துக் குடித்தவர்.

"லினக்ஸ்னு சொல்றாங்களே பாய், அதுல நல்லதா ஒண்ணு குடுங்க."

"நூறு இருக்குண்ணே. எதுக்கு வேணும்? வேலை இன்னா?"

"எல்லாத்துக்கும்தான்."

இர்ஃபான் பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணே, நாளெல்லாம் ஆர்ட்டிகிள் இன்னா, ஆர்ட்டிகிள் இன்னான்னு எங்க உயிர எடுக்கறது நீங்கதானே?"

"வசந்தி விண்ணப்பம் போடுவா, பாய். அவ்ளோதான்."

அவர் மூன்று பென்டிரைவ் கொடுத்தார். முதலாவது எனக்கு ஏற்றது, எல்லாரும் சாதாரணமாகப் போடுவது. மற்ற இரண்டும் சும்மா ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதற்கு. "மொதலாவதோட நிறுத்திக்குங்க. ஜாஸ்தி நோண்டினா பேஜாராயிடும்" என்றார். புது வருஷத்துக்குத் தோல் கெமிக்கல் விற்கும் கம்பெனி ஒன்று எங்கள் எல்லாருக்கும் அன்பளிப்பாகக் கொடுத்த பென்டிரைவ்கள் அவை. ஒரே கறுப்பு, ஒரே முத்திரை. என் வீட்டிலும் அதேபோல் ஒன்று இருந்தது. நான் ஒழுங்குள்ள ஆள் அல்லவா? வழக்கப்படி மூன்றின் முதுகிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வெள்ளை மார்க்கரால் எழுதினேன்.

ஞாயிறு காலை எட்டு மணி. முதல் வேலையாக வசந்தியின் போல்டர்கள் அத்தனையையும் வீட்டில் இருந்த அந்த நாலாவது பென்டிரைவில் பத்திரமாக ஏற்றிக்கொண்டேன். (இதைப் படிக்கும்போது என்மேல் ஒரு மரியாதை வருகிறதல்லவா? கொஞ்ச நேரம் வைத்திருங்கள்.) பிறகு கம்ப்யூட்டரில் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டு முதல் சிஸ்டத்தைப் போட்டேன்.

அரை மணி நேரத்தில் வந்து நின்றது. பார்க்கச் சாதுவாக இருந்தது. தமிழ் அடித்தேன், வந்தது. பிரின்டரைச் செருகினேன், கேட்காமலே ஒரு பக்கம் துப்பியது. ஸ்கேனர் ஓடியது. விரல் ரேகை மெஷினுக்கு அதைச் செய்தவர்களே அதை இயக்கும் டிரைவர் புரோகிராம் கொடுத்திருந்தார்கள், அதையும் போட்டேன். மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. கட்டைவிரலை வைத்தேன்.

'மீண்டும் முயற்சிக்கவும்' என்றது.

முயற்சித்தேன். பதினோரு தடவை முயற்சித்தேன். மெஷினைச் சட்டையால் துடைத்தேன், கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், இடது கட்டைவிரலை வைத்தேன், நாற்காலியை மாற்றிப் போட்டு உட்கார்ந்தேன். மீண்டும் முயற்சிக்கவும். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிஸ்டம் சரியில்லை. எல்லாம் இவ்வளவு சுலபமாக நடந்தபோதே எனக்குச் சந்தேகம்தான்.

இரண்டாவதைப் போட்டேன். அது அழகு சிஸ்டம். திரையில் திறந்த ஜன்னலை இழுத்தால் தளதளவென்று ஆடியது. கால் மணி நேரம் இழுத்து ஆட்டிக்கொண்டே இருந்தேன், அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். ஆனால் விரல் வைத்தால் அதே பதில். மூன்றாவது பழைய கம்ப்யூட்டர்களுக்கென்று செய்தது. எலும்பும் தோலுமாக இருந்தது, ஆனால் ஓட்டமாய் ஓடியது. தமிழ் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாகக் காட்டியது. அதுவும் என் விரலை ஏற்கவில்லை. மதியம் ஒரு மணி ஆகியிருந்தது. சாப்பிடவில்லை. இடுப்புப் பிடித்துக்கொண்டது. இர்ஃபான் பாய்க்குப் போன் போட்டேன். அவர் வாணியம்பாடியில் ஏதோ விருந்தில் இருந்தார்.

"டிரைவர் போட்டீங்களா?"

"போட்டேன்."

"வெளக்கு எரியுதா?"

"எரியுது."

"அப்போ மெஷினு வேலை செய்யுதுண்ணே. எதுக்கும் பக்கத்து வூட்டுலேந்து யாரையாவது கூப்புட்டு..."

"பக்கத்து வீட்டுக்காரனுக்கு இன்னா பாய் தெரியும்? நான் வேற சிஸ்டம் போட்டுப் பாக்கறேன்" என்று வைத்துவிட்டேன்.

வேறு சிஸ்டம் என்று தேடியதில், விவரமானவர்கள் மட்டும் போடுவது என்று ஒன்று இருந்தது. அது போதுமே எனக்கு. தரவிறக்கி முடித்ததும் அதை ஏற்ற ஒரு காலி பென்டிரைவ் தேவைப்பட்டது. மேஜையில் நான்கு கிடந்தன. மூன்றில் நம்பர் இருந்தது. ஒன்றில் எதுவும் எழுதவில்லை. எங்கள் மேஜையில் நம்பர் போடாத தோல் என்றால் இன்னும் யாரும் கை வைக்காத தோல். பல வருஷப் பழக்கம். மூளையைக் கேட்காமலே கை அந்த நம்பரில்லாத பென்டிரைவை எடுத்தது. இதில் இருப்பதெல்லாம் அழியும், சம்மதமா என்று கம்ப்யூட்டர் மரியாதையாகக் கேட்டது. சம்மதம் என்றேன்.

நாலாவது சிஸ்டத்தைப் போடவே மூன்று மணி நேரம் ஆயிற்று. கறுப்புத் திரையில் கேள்விமேல் கேள்வி. நான் எந்த ஊர், என் கீபோர்டு எந்த நாடு, ஹார்ட் டிஸ்கை எத்தனையாகப் பிரிப்பது. நான் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு திரை வந்தது. டிரைவர் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை வைத்தேன்.

மீண்டும் முயற்சிக்கவும்.

ஐந்தரை மணிக்கு வசந்தி காதுகுத்து லட்டும் வாழைப்பழமுமாக வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"தொட்டீங்களா?"

நடந்ததைச் சொன்னேன். நான்கு சிஸ்டமும் உதவாதவை, மெஷினோடு ஒத்துப்போகவில்லை என்று ஒரு நிபுணனின் தோரணையில்தான் சொன்னேன். அவள் பையைக் கீழேகூட வைக்காமல், குனிந்து தன் கட்டைவிரலை மெஷினில் வைத்தாள். ட்டிங் என்று ஒரு சத்தம். பச்சை விளக்கு.

எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். பச்சை விளக்கு.

"நீங்க யாரு வெரல வெச்சீங்க?"

"என்னுதத்தான்."

அவள் என் கையைப் பிடித்து இழுத்து, டியூப்லைட்டுக்கு நேராகத் திருப்பிப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவ்வளவு கவனமாக அவள் என் கையைப் பார்த்தது அன்றுதான். "வழவழன்னு இருக்குதே. இதுல ரேகைன்னு ஒண்ணு இருந்தாத்தானே புடிக்கும்?"

நானும் பார்த்தேன். சுண்ணாம்பும் பஃபிங்கும் தின்றது போக என் விரல்களில் ஒரு கோடுகூட மிச்சமில்லை. தினமும் நூறு தோலைத் தடவிப் பார்க்கிறவன் தன் விரல் தோலை ஒரு நாளும் பார்த்ததில்லை. ஊரில் எல்லாக் கம்பெனியிலும் வருகைக்கு விரல் வைக்கிறார்கள், எங்கள் டேனரியில் மட்டும் ஏன் முகத்தைக் காட்டச் சொல்கிறார்கள் என்றும் நான் யோசித்ததில்லை.

"ஒரு மாசமாவது ரேஷன் கடைக்குப் போயிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள் வசந்தி. "எல்லாத்துக்கும் நான்தானே போறேன்."

அப்போதும் என்னிடம் ஒரு துருப்புச்சீட்டு இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். "உன் போல்டரெல்லாம் பத்திரமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே மேஜையில் இருந்த நம்பரில்லாத பென்டிரைவை எடுத்தேன். எடுத்த கை பாதியிலேயே நின்றுவிட்டது. இருபத்தேழு பேருடைய காகிதங்களையும் நானே, என் சம்மதத்தோடு அழித்திருந்தேன்.

வசந்தி கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் தேறியிருப்பேன். நாற்காலியில் உட்கார்ந்தாள், ஒரு லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள், அம்சாக்காவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அம்சாக்காவின் குரல் தெரு வரை கேட்டது.

"இன்னா வசந்தி, இப்ப வந்து சொல்ற? பாதிப் பேரு விடியக்காலம் கரும்பு வெட்டப் போறாளுங்க. மதியம் வயக்காட்டுலேந்தே நேரா பஸ் ஏறிடுவாளுங்க. காயிதம்லாம் வூட்டுல இல்ல இருக்கும்?"

"காலைல அவங்க கெளம்பறதுக்குள்ள ஆள் வரும்க்கா. வூடு வூடா வந்து வாங்கிக்கும்."

"யாரு வராங்க?"

வசந்தி என்னைப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரர்தான்."

திங்கள் விடியற்காலை ஐந்தரைக்கு, கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, கையில் பெயர்ப் பட்டியலும் துணிப்பையுமாக ஸ்கூட்டரில் கணியம்பாடிக்குப் போனேன். இருபத்தேழு வீடு. வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர்களிடமும், அடுப்பில் சோறு வைத்திருந்தவர்களிடமும், அரிவாளோடு கிளம்பிக்கொண்டிருந்தவர்களிடமும் போய் நின்று, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், போட்டோ என்று கேட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் "போன வாரம்தானே குடுத்தோம், இன்னா ஆச்சு?" என்றார்கள். முதல் ஐந்து வீடு வரை கம்ப்யூட்டர் பழுது என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் என்னைவிட அம்சாக்காவின் போன் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. எட்டாவது வீட்டில் நான் வாயைத் திறக்கும் முன்பே அந்த அம்மா உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஏய், பீரோவத் தொற. வெரல் இல்லாதவரு வந்துட்டாரு."

அதற்குப் பிறகு நான் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வீடு என் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். மாட்டை விலை பேச வந்தவர்கள்கூட அவ்வளவு நேரம் பார்க்கமாட்டார்கள்.

பத்தரைக்கு வியர்த்து விறுவிறுத்து வீடு வந்து சேர்ந்தேன். அதற்குள் வசந்தி முதல் நம்பர் பென்டிரைவைச் செருகி, முதல் சிஸ்டத்தைத் திரும்பப் போட்டு, டீ குடித்துக்கொண்டிருந்தாள். யாரையும் கேட்கவில்லை. நாற்பது நிமிஷமாம்.

மதியம் இருபத்தேழு பேரும் வந்தார்கள். ஷட்டருக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் பாதிப் பேர் நின்றார்கள். நான் ஸ்கேன் எடுக்க, வசந்தி ஏற்ற, ஒவ்வொருவராக விரல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றார்கள். வைத்த ஒவ்வொருவரும் பச்சை விளக்கு எரிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார்கள். நாலே முக்காலுக்கு இருபத்தாறு முடிந்தது. கடைசியாகச் சாந்தா.

அவள் விரல் வைத்தாள். மீண்டும் முயற்சிக்கவும்.

யாரும் சிரிக்கவில்லை. துடைத்து வைத்தாள், இடது கையை வைத்தாள். அதே பதில். சாந்தாவின் முகம் சின்னதாகிவிட்டது. "பன்னெண்டு வருஷம் பஃபிங்ல இருந்தேன் அண்ணே" என்று என்னிடம் மட்டும் சொன்னாள், நான்தான் அந்த விரல் மெஷின் என்பதுபோல. நேற்று முழுக்க நான் விளையாடிய விளையாட்டு இவளுக்கு விளையாட்டில்லை. என் சிஸ்டம் ஆசையால் மறுபடி ஸ்கேன் எடுப்பதிலேயே போன இந்த மதியம் இவளுக்குக் கிடைத்திருந்தால், நிதானமாகப் பத்து விரலையும் பார்த்திருக்கலாம்.

"வெந்நீர் கொண்டாங்க" என்றாள் வசந்தி. ரேஷன் கடை வரிசையில் நின்று நின்று அவள் கற்ற வித்தை அது. நான் ஓடினேன். சாந்தா வெந்நீரில் கையை ஊறவைத்து, துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவி, ஒவ்வொரு விரலாக வைத்தாள். ஆள்காட்டி இல்லை. நடுவிரல் இல்லை. மோதிர விரல் இல்லை. மணி நாலு ஐம்பத்து மூன்று. "அந்தக் கை சுண்டுவெரல் வை" என்றேன் நான். தோலைத் தேய்க்கும்போது இடது கைச் சுண்டுவிரல் மட்டும்தான் மெஷின் பக்கம் போகாமல் தள்ளியே இருக்கும். அந்த இரண்டு நாளில் நான் சொன்ன ஒரே உருப்படியான யோசனை அது.

ட்டிங்.

வெளியே நின்ற இருபத்தாறு பேரும் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு நாய் கட்டை அறுத்துக்கொண்டு ஓடியது.

முதல் சிஸ்டம்தான் இன்று வரை ஓடுகிறது. அந்த நாற்காலியில் உட்கார எனக்கு அனுமதி இல்லை. மாதா மாதம் ரேஷன் கடைக்கு நான்தான் போக வேண்டும், வசந்தி உத்தரவு. என்னைக் கண்டதும் கடைக்காரர் விரல் மெஷினை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, கண்ணைக் காட்டும் மெஷினை எடுக்கிறார். கோயம்புத்தூரில் படிக்கும் எங்கள் மகள், வீட்டில் மிக்ஸி ஓடவில்லை என்றாலும் "அப்பா வெரல வெச்சாரா?" என்றுதான் போனில் கேட்கிறாள்.

தையல் மெஷின்கள் வந்த மறுமாதம் சாந்தா எங்கள் வீட்டுக்கு வந்தாள். புது மெஷினில் முதலில் தைத்தது என்று ஒரு சின்னப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்தாள். பிரித்தால் வெள்ளைத் துணியில் ஒரு கட்டைவிரல் உறை. அதன்மேல் சிவப்பு நூலால் சுழிசுழியாக, வளைவுக்குள் வளைவாக, ரேகை போட்டிருந்தாள். "இத மாட்டிக்கினு வைங்கண்ணே, புடிக்கும்" என்றாள். வசந்தியும் அவளும் சிரித்த சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

அது இப்போது கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாரும் அது என்ன என்று கேட்கிறார்கள், வசந்தி ஆரம்பத்திலிருந்து சொல்கிறாள். ஒரு நாள் அவள் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, நான் அதை மாட்டிக்கொண்டு மெஷினில் வைத்துப் பார்த்தேன்.

மீண்டும் முயற்சிக்கவும் என்றது.